ஏப்ரல் சீசனுக்குப் பூட்டை மாற்றிவிடுவார்கள்: வாடகைக்கு இருப்பவர்கள் கவனம்

நுவரெலியா மாவட்டத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களும் ஏற்கெனவே வாடகைக்கு இருக்கிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். சீசனுக்காக எங்களை வெளியே போட்டுப் பூட்டை மாற்றிய வீட்டுக்காரரின் பெயரையோ வீதியையோ இங்கே போடப்போவதில்லை. விஷயம் இன்னும் முடியவில்லை. அதோடு இது ஒரு ஆளின் குணக்கேடு மட்டும் இல்லை. பங்குனி முடியும்போது எங்கள் பக்கம் எத்தனை குடும்பம் சாமானை மூட்டை கட்டுகிறது என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் சீசன். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவிக் கரையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். கொழும்பு வெயிலுக்குத் தப்பி வருகிறவர்களுக்கு ஹோட்டல் அறை போதாது. மாத வாடகைக்குக் கொடுத்த வீட்டை நாள் வாடகைக்கு விட்டால், நாங்கள் மாதம் பூராவும் கொடுப்பதை வீட்டுக்காரர் ஒரு நீண்ட வார இறுதியிலேயே எடுத்துவிடலாம். கணக்கு அவ்வளவுதான்.

நாங்கள் எடுத்தது ஒரு வீட்டின் மேல்மாடி. வாடகை 30,000 ரூபாய், ஆறு மாத அட்வான்ஸ் 180,000 ரூபாய், ஒரு வருஷத்துக்கு என்று பேச்சு. மகளின் பாடசாலைக்கு நடந்தே போகலாம் என்பதுதான் அந்த வீட்டை எடுத்த காரணம். புரோக்கர் கொண்டுவந்த ஒப்பந்தம் சிங்களத்தில் அச்சடித்த படிவம். எனக்குச் சிங்களம் பேச வரும், சட்டச் சிங்களம் வராது. அதனால் புரோக்கரே வரி வரியாகத் தமிழில் சொன்னார். சொல்லாமல் தாண்டிய ஒரு வரி இருந்தது என்பது பிறகு சட்டத்தரணி வாசித்தபோதுதான் வெளியே வந்தது: உரிமையாளர் கேட்டால் ஏழு நாளில் வீட்டை ஒப்படைக்க வேண்டுமாம். ஒப்பந்தங்களைச் சட்டப்படி எழுதி உறுதிப்படுத்தும் நொத்தாரிசிடம் போய் எழுதுவோமா என்று என் கணவர் கேட்டதற்கு, "நமக்குள்ள எதுக்கு தம்பி அந்தச் செலவெல்லாம், முத்திரையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டா போதும்" என்றார் வீட்டுக்காரர்.

மார்ச் நடுவில் ஆரம்பித்தது. "டீச்சர், லீவுதானே வருது, ஏப்ரல் முழுக்க ஊர்ல போய் இருந்துட்டு வாங்களேன். அந்த மாச வாடகை வேணாம்." முடியாது ஐயா, அம்மாவுக்கு நடக்க முடியாது, அவரை எங்கே கொண்டுபோவது என்றேன். சிரித்துக்கொண்டே போனார். அடுத்த கிழமை மேல்மாடிக்குத் தண்ணீர் வரவில்லை. டேங்கில் தண்ணீர் நிறைய இருக்கிறது, எங்கள் லைனின் வால்வை மட்டும் திருகி, கைபிடியையும் கழற்றி வைத்திருக்கிறார். கேட்டால் "பைப் வேலை நடக்குது" என்றார். வாளியோடு கீழே போய்த் தண்ணீர் சுமந்தோம். அந்தக் குளிரில் விடியற்காலையில் அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும்.

புத்தாண்டுக்கு மாமியார் வீட்டுக்கு, தோட்டத்துக்குப் போனோம். திரும்பி வந்தபோது கேட்டில் புதுப் பூட்டு. எங்கள் சாமான் முழுக்கக் கீழே கராஜுக்குள், உர பேக்குகளில். மெத்தை சிமெந்துத் தரையில் ஈரம் குடித்துக் கிடந்தது. மகளின் புத்தகங்களும் சப்பாத்தும் மிளகாய்த்தூள் டப்பாவும் ஒரே பேக்கில். மேலே விளக்கெல்லாம் எரிகிறது, பாட்டு கேட்கிறது. கேஸ் சிலிண்டர் மட்டும் கராஜில் இல்லை. எங்கள் சிலிண்டரில், எங்கள் அடுப்பில், யாரோ கொழும்புக் குடும்பம் கோழி பொரித்துக்கொண்டிருந்தது. வாசனை கீழே வரை வந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களும் காசு கொடுத்துத்தான் வந்தவர்கள்.

அன்று இரவே பொலிஸில் முறைப்பாடு போட்டோம். எல்லோரும் செய்யவேண்டிய முதல் வேலை அதுதான். பொலிஸார் பூட்டை உடைத்து உள்ளே விடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், இது சிவில் பிரச்சினை, வழக்குப் போடுங்கள் என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். ஆனால் எந்தத் திகதியில் வெளியே போடப்பட்டீர்கள் என்பது அந்த முறைப்பாட்டில் பதிவாகிவிடும். அந்தத் திகதி எவ்வளவு முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன். முறைப்பாடு எந்த மொழியில் எழுதப்பட்டாலும், வாசித்துக் காட்டச் சொல்லி விளங்கிய பிறகு கையெழுத்து வையுங்கள், இலக்கத்தை வாங்காமல் வராதீர்கள்.

சட்டத்தரணி முதலில் சொன்னதே எங்களுக்குப் புதிதாக இருந்தது. ஒப்பந்தத்தில் ஏழு நாள் என்று எழுதியிருந்தாலும், காலம் முடிந்திருந்தாலும், வாடகை பாக்கியே இருந்தாலும், வீட்டுக்காரர் தானாக வந்து குடியிருப்பவரை வெளியே போட முடியாது. அவர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் பிஸ்கால் என்ற அதிகாரி மூலமாகத்தான் வெளியேற்ற வேண்டும். குத்தகைக்குக் கொடுத்த வீட்டை உரிமையாளர்கள் சீக்கிரமாக மீட்பதற்கென்றே 2023-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. அதிலும் வழி நீதிமன்றம்தான், பூட்டுக்கடை இல்லை.

அடுத்தது, நொத்தாரிசு விஷயம். 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை செல்லுபடியாக வேண்டுமென்றால், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். எங்கள் முத்திரைக் கடதாசி அந்த ஒரு வருஷத்தைக் காப்பாற்றாது. ஆனால் அதற்காக நாங்கள் தெருவில் நிற்பவர்கள் ஆகிவிடவில்லை. வீட்டில் இருந்து மாதா மாதம் வாடகை கொடுத்ததால் மாத வாடகைக்காரர்கள் ஆகிறோம், எங்களை எழுப்ப முழு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அதன் பிறகும் நாங்கள் போகாவிட்டால் அப்போதும் வழக்குத்தான். வீட்டுக்காரர் செலவு மிச்சம் என்று சொல்லி நொத்தாரிசைத் தவிர்த்ததன் உள்நோக்கம் இப்போது புரிகிறதா?

பூட்டை மாற்றியவர்களுக்கு எதிராக உடனே பிடிக்கக்கூடிய சட்டம் 1979-ஆம் ஆண்டின் 44-ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம். அதன் 66-ஆம் பிரிவின்படி, காணி அல்லது வீட்டின் ஆட்சி (அது யார் கைவசம் இருக்கிறது என்பது) பற்றிய தகராறால் அமைதிக் குலைவு ஏற்படலாம் என்றால் பொலிஸார் நீதிமன்றத்துக்கு அறிவிக்கலாம். பொலிஸார் செய்யாவிட்டால் நாமே சத்தியக்கடதாசியோடு (உண்மை என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுப்பது) மனுப் போடலாம். 68-ஆம் பிரிவுதான் உயிர்நாடி: மனுப் போடுவதற்கு முந்தைய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்ப உள்ளே விடும்படி நீதிபதி கட்டளையிடலாம். வீடு யாருக்குச் சொந்தம் என்பது அங்கே கேள்வியே இல்லை, யார் குடியிருந்தார்கள் என்பதுதான் கேள்வி. அந்த இரண்டு மாதம் தாண்டிவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் நீண்ட வழக்குத்தான் மிச்சம். "சீசன் முடியட்டும், பேசித் தீர்த்துக்குவோம்" என்று வீட்டுக்காரர் மே, ஜூன் வரை இழுப்பது எதற்காக என்று யோசியுங்கள்.

நாங்கள் குடியிருந்தோம் என்பதற்குக் கையில் இருந்தவை: வங்கியில் வாடகை போட்ட சிலிப்புகள், மின்சாரப் பட்டியலை என் போனிலிருந்து கட்டிய குறுஞ்செய்திகள், கிராம உத்தியோகத்தர் கொடுத்த வதிவிடச் சான்றிதழ், கராஜில் உர பேக்குகளை எடுத்த படங்கள். அட்வான்சுக்கு மட்டும் ஒரு சின்னத் துண்டுக் கடதாசிதான், நல்லவேளை அதில் அவர் கையெழுத்து இருந்தது. வாடகையைக் கையில் கொடுக்கிற வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வாடகைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். 1972-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கச் சட்டம் குடியிருப்பவருக்கு நல்ல பாதுகாப்புத் தந்ததுதான். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் உள்ளூராட்சி சபையில் கட்டலாம் என்ற வசதிகூட அதில் இருக்கிறது. ஆனால் 1980-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு, பிறகு கட்டிய குடியிருப்பு வீடுகளில் பெரும்பாலானவை அதற்கு வெளியே போய்விட்டன. பழைய டவுன் வீட்டில் பரம்பரையாக இருப்பவர்கள் அதைப் பற்றிச் சட்டத்தரணியிடம் கட்டாயம் கேளுங்கள். எங்களைப் போல் புது மேல்மாடியில் இருப்பவர்கள் அதை நம்பி இருக்க வேண்டாம். தோட்டத்து லயத்து வீட்டு விஷயம் முற்றிலும் வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எங்கள் மனு போய், நீதிமன்ற அறிவித்தல் வீட்டுக்காரர் கைக்குக் கிடைத்ததும் பூட்டு தானாகத் திறந்தது. வால்வுக்குக் கைபிடியும் வந்தது. ஆனால் அந்த வீட்டில் அம்மாவை வைத்துக்கொண்டு இருக்க மனம் இல்லை, வேறு இடம் பார்த்துப் போய்விட்டோம். அட்வான்சில் மீதியைக் கேட்டபோது பெயின்ட், கண்ணாடி, சுவரில் ஈரம் என்று ஒரு பட்டியல் நீட்டினார். நுவரெலியாவில் சுவர் ஈரத்துக்கு வாடகைக்காரர் பொறுப்பாம்! அது இப்போது, இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசித் தீர்க்கப் பார்க்கும் இணக்க சபையில் இருக்கிறது. அங்கே சட்டத்தரணி தேவையில்லை, பேசித் தீரவில்லை என்றால் அதற்கான சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையில் முதலில் விசாரியுங்கள், ஆளை வைத்து வழக்காடும் செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம்.

அதே மேல்மாடிக்கு இப்போது திரும்பவும் விளம்பரம் போகிறது: "சிறிய குடும்பத்துக்கு மட்டும், ஆறு மாத அட்வான்ஸ்". அந்த மாதிரி விளம்பரம் பார்த்து யாராவது போனால், ஏப்ரலில் நாங்கள் எங்கே இருப்போம் என்று முதல் நாளே கேளுங்கள், பதிலை நொத்தாரிசு முன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டபோது "வீடு ஏற்கெனவே போயிருச்சு" என்று அவர் போனை வைத்ததாக என்னோடு படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் நேற்றுச் சொன்னார்.