மூன்று வருடமாகக் கேட்ட குழந்தை வளர்ப்பு உரைகள்: ஆச்சிக்கு அதில் இடமில்லை

நான் வீட்டிலிருந்தபடியே வாராவாரம் கேட்கிற குழந்தை வளர்ப்பு உரைத் தொடரின் சந்தா விலையைக் குறைத்துவிட்டார்கள். வருடத்துக்கு 4,800 ரூபாய் இருந்தது இப்போது 1,999. அதைப் பார்த்துவிட்டு ஆபீசில் என் பக்கத்து சீட் தோழி, இரண்டு வயதுப் பையனின் அம்மா, "அக்கா, நீங்கதான் மூணு வருஷமா கேக்குறீங்களே, சேரலாமா?" என்றாள். டீ குடிக்கிற நேரத்துக்குள் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை இரவு 8 மணி, ஒன்றரை மணி நேரம், வாரம் ஒரு நிபுணர், கடைசியில் கேள்வி நேரம். இதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. நான் சேரும்போது மகளுக்கு 6 வயது, பையனுக்கு 2. இப்போது 9, 5. தவறவிட்ட உரைகள் பத்துகூட இருக்காது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் விட்டுப்போய்விடக் கூடாது.

இரண்டாவது வருடம் ஒரு குழந்தை மனநல நிபுணர் 'ஐந்து நிமிடம்' பற்றிப் பேசினார். அமெரிக்காவில் ஷீலா ஐபெர்க் என்ற உளவியலாளர் 1970-களில் உருவாக்கிய சிகிச்சை முறையில் இது ஒரு பகுதி. 2 முதல் 7 வயதுவரை உள்ள, அடம் அதிகமான குழந்தைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஆனது. தினமும் ஐந்து நிமிடம் குழந்தையோடு விளையாட வேண்டும், விளையாட்டை நடத்துவது குழந்தைதான். அந்த ஐந்து நிமிடமும் நாம் உத்தரவு போடக் கூடாது, குறை சொல்லக் கூடாது, கேள்வியும் கேட்கக் கூடாது. அது செய்வதைப் பார்த்துச் சொல்லலாம், அது சொன்னதைத் திருப்பிச் சொல்லலாம், நன்றாக இருந்தால் பாராட்டலாம், கூடச் சேர்ந்து அதையே செய்யலாம்.

கேட்க எளிது. முதல் நாள் தரையில் உட்கார்ந்தேன். பையன் பாட்டில் மூடிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். "இது என்ன கலர்?" என்று என் வாய் தானாகக் கேட்டது. "எத்தனை இருக்கு? எண்ணு பாப்போம்." ஐந்து நிமிடத்தில் ஏழு கேள்வி. எண்ணிச் சொன்னது மகள். நான் அவனோடு விளையாடவே இல்லை, பரீட்சை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நீல மூடியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினான். "பஸ் நிக்குது" என்றான். "பஸ் நிக்குது" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சின்ன மூடி ஒன்றை அதன்மேல் வைத்து, "ஆச்சி ஏறுதாங்க." "ஆச்சி ஏறுதாங்க." அப்புறம் என் முழங்காலை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஆபீசிலிருந்து வந்த பிறகு அவன் என்னிடம் அப்படி ஒட்டி உட்கார்ந்து பல மாதம் ஆகியிருந்தது. மூன்று வாரத்தில் குளிக்கப் போகும்போது வரும் அழுகை குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது. இந்த ஒரு உரைக்கே மூன்று வருடப் பணமும் சரியாகப் போயிற்று என்று மனசார நினைக்கிறேன்.

இனி என் மனத்தாங்கல்.

பகலில் என் பையனைப் பார்த்துக்கொள்வது நானில்லை, என் அத்தை. என் கணவரின் அம்மா, பிள்ளைகளுக்கு ஆச்சி. 64 வயது, இரண்டு முழங்காலும் வலி. காலையில் 9 மணிக்குக் கிளம்பி நான் வீடு திரும்ப மாலை ஆறரை. கணவருக்குத் தூத்துக்குடியில் ஷிப்ட் வேலை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற பல வீடுகளில் கதை இதுதான். ஆனால் இந்த மூன்று வருடத்தில் ஆச்சிக்காக என்று ஒரு உரைகூட வைக்கவில்லை. ஒன்றுகூட இல்லை. நிபுணர்கள் வரைகிற குடும்பப் படத்தில் அப்பா, அம்மா, குழந்தை. பாட்டி வருவது ஒரே ஒரு இடத்தில்: செல்லம் கொடுத்துக் கெடுப்பவராக. அதற்கு ஒரு சிரிப்பு, அடுத்த ஸ்லைடு.

உதாரணத்துக்கு செல்போன் பற்றிய உரை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதைத் தெளிவாக விளக்கினார்கள். 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. நல்ல தகவல், எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆனால் முழங்கால் வலியோடு அடுப்படியில் நிற்கும்போது, ஓடுகிற பையனை அத்தை எப்படி உட்கார வைப்பார்? போனைக் கொடுத்துத்தான். அந்த அரை மணி நேரத்துக்கு வேறு என்ன வழி என்று மூன்று தடவை கேள்வி அனுப்பினேன். இரண்டு தடவை எடுக்கவே இல்லை. ஒரு தடவை எடுத்து, "உங்க பவுண்டரியை அவங்களுக்குத் தெளிவா சொல்லிருங்க" என்றார்கள், அதாவது எது கூடும், எது கூடாது என்ற எல்லையை. என் பிள்ளையைச் சம்பளம் இல்லாமல் கிட்டத்தட்ட பத்து மணி நேரம் தூக்கிச் சுமக்கிறவரிடம் போய் நான் என்ன பவுண்டரி சொல்வது?

மொழியும் ஒரு காரணம். தமிழ் உரை என்று போட்டிருப்பார்கள். வேலிடேஷன், ட்ரிகர், ரெகுலேஷன் என்று பத்து நிமிடம் போனதும் அத்தை, "நீ கேட்டுட்டு எனக்குச் சொல்லு" என்று எழுந்துவிடுவார்.

இன்னொன்று, அந்த மார்ஷ்மெல்லோ கதை. நான்கு பேர் வந்து நான்கு தடவை சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் குழந்தைகள் முன்னால் மார்ஷ்மெல்லோ மாதிரி மிட்டாயை வைத்து, உடனே தின்னாமல் இருந்தால் இன்னொன்று கூடக் கிடைக்கும் என்று காத்திருக்கச் சொன்னது, காத்திருந்தவர்கள் பின்னாளில் நன்றாக வந்தது. அதையே பலதரப்பட்ட குடும்பங்களின் குழந்தைகளை வைத்து மறுபடி பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. வீட்டு வருமானத்தையும் சூழலையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு மிகவும் சுருங்கிவிட்டது. இதை நான்கு பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. பிள்ளை மிட்டாய்க்குக் கை நீட்டினால் அதன் எதிர்காலமே போச்சு என்று எத்தனை அம்மாக்கள் பயந்திருப்பார்கள்.

சரி, ஆச்சிக்கே வருகிறேன். ஆராய்ச்சி உலகம் பாட்டியை விட்டுவிடவில்லை. ஆப்பிரிக்காவின் டான்சானியாவில், வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களோடு இருந்து கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானிடவியலாளரும் அவருடைய குழுவும் கவனித்த ஒன்றைப் படித்தேன். தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்ததும், பால் மறந்த மூத்த குழந்தையின் உடம்பு தேறுவது பாட்டி எவ்வளவு கிழங்கு தோண்டிக் கொண்டுவருகிறார் என்பதைப் பொறுத்திருந்ததாம். பாட்டியின் உழைப்பு பிள்ளையின் உடம்பில் தெரிந்திருக்கிறது. இதை ஒரு சனிக்கிழமை பேசினால் என்ன?

அந்த ஐந்து நிமிடத்தை நான் பழகிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பையன் ஒரு காம்பை எடுத்து, "ஆச்சி, இது வாலு" என்றான். "ஆமா, வாலுதான்" என்றார் தலை நிமிராமல். "எலி வாலு." "எலி வாலா இருக்கு." கால் மணி நேரம் இப்படியே போயிற்று. ஒரு கேள்வி இல்லை, ஒரு உத்தரவு இல்லை. குழந்தை ஒன்று சொல்ல நாம் ஒன்று சொல்வதை, பந்து போட்டுத் திருப்பி அடிக்கிற ஆட்டம்போல என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் விளக்குகிறது. மூளை வளர்ச்சிக்கு அது அவ்வளவு முக்கியமாம். நான் காசு கட்டிக் கற்றுக்கொண்டதை அத்தை கீரை ஆய்ந்தபடி செய்துகொண்டிருந்தார்.

போன சனிக்கிழமை புதிதாக ஒருவர் பேச வந்தார். அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எடுத்த எடுப்பில், "உங்க முதல் தடையே வீட்டுல இருக்கிற தாத்தா பாட்டிதான்" என்றார் அவர். நான் சத்தத்தைக் குறைப்பதற்குள் முடிந்துவிட்டது. அத்தை இரண்டு பல் பூண்டு உரித்தார். அப்புறம் முறத்தை எடுத்துக்கொண்டு, "உளுந்து ஊறப் போடணும்" என்று உள்ளே போனார். நான் பின்னாலேயே போய் ஏதோ சொன்னேன். "அவுக படிச்சவுக, சரியாத்தான் சொல்லுவாக" என்றார்.

அதனால் தோழிக்கு என் பதில்: சேராதே. 1,999-க்கும் வேண்டாம். அந்த ஐந்து நிமிடத்தை நான் உனக்குச் சொல்லித் தருகிறேன், உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. நானும் இந்த வருடம் புதுப்பிக்கவில்லை.

ஆச்சிகளுக்கென்று மாதம் ஒரு உரை, புரிகிற தமிழில், பிள்ளை தூங்குகிற மதியம் இரண்டரை மணிக்கு வைத்தால் பழைய 4,800-ஐயே கட்டுகிறேன் என்று அவர்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.