துப்பாக்கி உரிமம் மாற்ற 14 மாதம்: ஐந்து மார்க்கில் சட்டத்துக்கு நான்கு, அலுவலகத்துக்கு ஒன்றரை

மறைந்த அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியை என் பேருக்கு மாற்ற விண்ணப்பம் கொடுத்து, உரிமம் கைக்கு வர 14 மாதம் ஆயிற்று. இந்தச் சேவையைப் பற்றி யாரும் விவரமாக எழுதி நான் படித்ததில்லை. காட்டோரம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு உபயோகப்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். சேவைக்கு மார்க் போடும்போதே இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை அலைச்சலோடு ஒழுங்குபடுத்துவதற்குப் பதில் துப்பாக்கியையே தடை செய்துவிட்டால் என்ன?

முதலில் நடைமுறை. உரிமம் ஒரு ஆளுக்குக் கொடுப்பது, அவர் இறந்ததும் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி வாரிசுக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆனாலோ 25 வருடம் வைத்திருந்தாலோ மாற்றலாம். அப்பாவுக்கு 70 தாண்டி ஆறு வருடம் ஆகியிருந்தும் இது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. உங்கள் வீட்டில் அப்படிப் பெரியவர் இருந்தால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

நான் கடையில் ஒப்படைத்தேன். அந்தக் கடைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். துப்பாக்கி எண்ணைக் கண்ணாடி போட்டுப் படித்து, குழலின் உட்புறம் இருந்த கீறலைக்கூடக் குறித்து ரசீது கொடுத்தார் கடைக்காரர். "தம்பி, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க, நான் எண்ணெய் போட்டு வெக்கறேன்" என்றவர், சொன்னபடியே செய்தார். வாடகை மாதாமாதம் வாங்கினார், அது நியாயமான தொகைதான்.

அலுவலகம்தான் பிரச்சினை. ஆன்லைனில் விண்ணப்பம் போட்ட பிறகு காகிதம் இரண்டு பக்கமாகப் பிரிகிறது. ஒன்று வி.ஏ.ஓ., தாசில்தார், ஆர்.டி.ஓ. என்று ஏறுகிறது, இன்னொன்று காவல் நிலையத்திலிருந்து எஸ்.பி. அலுவலகம் வரை போகிறது, காட்டோர ஊர் என்பதால் வனத்துறையின் கருத்தும் வேண்டும். விதிப்படி போலீஸ் அறிக்கை 30 நாளில் வர வேண்டும், அது வந்த 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். எனக்கு போலீஸ் அறிக்கைக்கே ஐந்து மாதம். வருவாய்த் துறைப் பக்கம் ஒரு கையெழுத்துக்காக நான்கு முறை போனேன், ஒவ்வொரு முறையும் வேறு ஆள், வேறு பதில். என் மேல் வழக்கு இருக்கிறதா, மனநிலை எப்படி, வீட்டில் பூட்டி வைக்க இடம் இருக்கிறதா என்று கேட்டதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் 14 மாதத்தில் வீட்டுக்கு வந்து அலமாரியையும் பூட்டையும் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. காகிதத்தைத்தான் பார்த்தார்கள்.

பாதுகாப்புப் பயிற்சி மட்டும் எதிர்பாராத அளவு நன்றாக இருந்தது. தோட்டா இல்லை என்று நினைத்தாலும் குழலை மடித்துப் பார்க்காமல் கையில் வாங்கக் கூடாது, துப்பாக்கி ஒரு அறையில், தோட்டா வேறு அறையில், இரண்டு சாவியும் ஒரே கொத்தில் இருக்கக் கூடாது. இதை அப்பா 30 வருடமாகச் செய்துவந்ததைப் பார்த்திருக்கிறேன், ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இந்த அலைச்சலைப் பார்த்துவிட்டு என் அக்கா மகன் கேட்டான், "எதுக்கு மாமா இவ்வளவு பாடு, ஒரேயடியா தடை பண்ணிட்டா எல்லாருக்கும் நிம்மதிதானே?" நல்ல மனசோடு கேட்கிறான், அமெரிக்கப் பள்ளிக்கூடத் துப்பாக்கிச்சூட்டுச் செய்திகளைப் பார்த்து வளர்ந்த பையன். தடை என்றதும் எல்லோரும் ஆஸ்திரேலியாவைச் சொல்வார்கள். 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு அந்த நாடு தானாகத் தோட்டா ஏறும் ரைஃபிள்களையும் பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன் என்னும் சிதறுகுண்டுத் துப்பாக்கிகளையும் பெரும்பாலானவர்கள் வைத்திருக்க முடியாதபடி செய்தது, அதற்கென்று வரியைக் கூட்டி, 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைக் காசு கொடுத்து வாங்கி அழித்தது. அது பெரிய காரியம், எனக்கு அதில் முழு மரியாதை உண்டு. அதே சட்டத்தில் விவசாயி தகுந்த காரணம் காட்டி, உரிமம் எடுத்து, சாதாரணத் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடிந்தது. பிரிட்டன் 1997இல் கைத்துப்பாக்கியைத் தடை செய்தது, ஆனால் பண்ணைக்காரர்களின் ஷாட்கன் சான்றிதழோடு தொடர்ந்தது. தடைக்கு உதாரணமாகக் காட்டும் நாடுகளும் ஆபத்தான வகையைத் தடுத்துவிட்டு மீதியை ஒழுங்குபடுத்தத்தான் செய்தன.

இங்கே கணக்கே வேறு. ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஸ்விட்சர்லாந்து ஆய்வு அமைப்பு 2017இல் போட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவில் பொதுமக்கள் கையில் சுமார் 7.1 கோடி துப்பாக்கிகள், அதில் பதிவானவை 97 லட்சம்தான். நாளைக்குத் தடை வந்தால் அரசு முதலில் யார் வீட்டுக்கு வரும்? பதிவேட்டில் முகவரி இருக்கும் என் வீட்டுக்குத்தான். மீதி 6 கோடிக்குப் பதிவேடே கிடையாது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது இப்போதும் குற்றம்தான், அதாவது அந்த 6 கோடிக்கு ஏற்கெனவே தடை இருக்கிறது.

எங்கள் பக்கம் இது கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அனுமதித்தது. எங்கள் தோட்டம் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது, இங்கே பன்றியைச் சுடவே கூடாது. எனக்கும் அந்த அனுமதி வேண்டாம், வெடிச் சத்தம் கேட்டால் பன்றிக்கூட்டம் மரவள்ளியை விட்டு ஓடிவிடும், அது போதும். உரிமம் கிடைக்காதவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மின்கம்பத்திலிருந்து நேராகக் கம்பி இழுக்கிறார், அதில் யானையும் சாகிறது, இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போன மனுஷனும் சாகிறான். இல்லையென்றால் அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி), அதைக் கடித்த யானை வாய் கிழிந்து, பட்டினி கிடந்து சாகும். நாட்டுத் துப்பாக்கி வேறு. மலைக் கிராமங்களில் "தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை" என்று போலீசும் வனத்துறையும் சொன்னபோது மக்கள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஒழுங்குபடுத்தும் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், வருடா வருடம் செய்ய வேண்டும்.

சட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் ஒரு ஆளுக்கு மூன்று துப்பாக்கி என்பதை இரண்டாகக் குறைத்தது, உரிமக் காலத்தை மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக்கியது, கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதைக் குற்றமாக்கியது. எல்லாம் சரி. தேர்தல் வந்தால் ஒப்படைப்பதும் சரி. ஆனால் 2024 மக்களவைத் தேர்தலுக்கு அப்பா காவல் நிலையத்தில் கொடுத்த துப்பாக்கி ஜூனில் திரும்பி வந்தபோது குழலில் துருப் புள்ளிகள். ரசீதில் துப்பாக்கியின் நிலைமை எதுவும் எழுதவில்லை, அதனால் யாரிடமும் கேட்க முடியவில்லை. அப்பா இரண்டு நாள் உட்கார்ந்து துடைத்தார்.

ஆக, ஐந்து மார்க்கில் சட்டத்துக்கு நான்கு, அலுவலகத்துக்கு ஒன்றரை. விண்ணப்பிக்கிறவர்கள் போலீஸ் அறிக்கை போன தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், 60 நாள் அங்கிருந்துதான் ஆரம்பம். வீட்டு அலமாரியைப் பூட்டோடு போட்டோ எடுத்து நீங்களாகவே இணையுங்கள். அடுத்த தேர்தலுக்குக் கடையில் ஒப்படைக்க முடிந்தால் கடையிலேயே கொடுங்கள், கீறலைக் குறித்து ரசீது தருவார்கள்.