கெர்னலில் எண் ஒப்பீட்டுப் பிழைகள்: கம்பைலர், காக்சினெல், ஸ்மேட்ச், ஃபஸ்ஸர் – எது எதைப் பிடிக்கும்?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 2013-இல் திருத்தப்பட்ட சிவிஇ-2013-2094 என்ற பாதுகாப்பு ஓட்டையை வைத்தே கருவிகளை எடைபோடலாம். நிரல்களின் செயல்திறனை அளக்க நிகழ்வுகளை எண்ணும் பெர்ஃப் பகுதியில், பயனர் நிரல் தரும் 64 பிட் அன்சைன்ட் (மைனஸ் இல்லாத) மதிப்பை, மைனஸ் எண்ணும் இருக்கக்கூடிய ஒரு சாதாரண இன்ட் மாறியில் போட்டுவிட்டு, "உச்ச வரம்பைத் தாண்டுகிறதா?" என்று மட்டும் சோதித்திருந்தார்கள். மைனஸ் எண் எந்த உச்ச வரம்பையும் தாண்டாது. சோதனையைக் கடந்து அதுவே அர்ரேயின் (மதிப்புப் பட்டியலின்) இண்டெக்ஸாகப் போனது. சாதாரணப் பயனர் ஒருவர் ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) ஆகிவிட அது போதும்.

முதலில் கம்பைலர். இன்ட்டையும் அன்சைன்ட் இன்ட்டையும் ஒப்பிட்டால் சி மொழி இரண்டையும் அன்சைன்டாக்கிவிடும். -1 என்பது 4294967295 ஆகும். இதைச் சொல்லத்தான் ஜிசிசி கம்பைலரில் சைன்-கம்பேர் எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் கெர்னலில் தீங்கில்லாத இடங்களிலெல்லாம் அது கத்தும் என்பதால், வழக்கமான பில்டில் அதை இயக்குவதில்லை. அதைவிட முக்கியமான குறை வேறு. பெர்ஃப் பிழையில் ஒப்பீட்டின் இரு பக்கமும் இன்ட்தான்! கோளாறு அதற்கு முன்பே, 64 பிட் மதிப்பை இன்ட்டில் போட்ட வரியில் நடந்துவிட்டது. சைன்-கம்பேரை இயக்கியிருந்தாலும் அது வாய் திறந்திருக்காது.

காக்சினெல் பிரான்சின் இன்ரியா ஆய்வகத்தில் வளர்ந்த கருவி. கோடின் வடிவத்தைச் சொன்னால், அதே வடிவம் உள்ள இடங்களையெல்லாம் தேடித் தரும். திருத்தும் பேட்சையும் அதுவே எழுதும். கெர்னல் ஃபங்ஷன்கள் தோல்வியை -22 போன்ற மைனஸ் எண்ணாகத் திருப்புவது வழக்கம். அதை அன்சைன்ட் மாறியில் வாங்கிக்கொண்டு "பூஜ்யத்தைவிடக் குறைவா?" என்று கேட்டால் பதில் எப்போதும் 'இல்லை'தான். இந்த வகைக்கென்றே ஒரு ஸ்கிரிப்ட் கெர்னல் மூலத்துடனேயே வருகிறது. ஆனால் மதிப்பு எங்கிருந்து வந்தது என்பது காக்சினெலுக்குத் தெரியாது.

அது தெரிந்த கருவி ஸ்மேட்ச். டான் கார்பென்டர் எழுதியது. மாறியில் எந்த எல்லைக்குள் எண் இருக்க முடியும், அது பயனரிடமிருந்து வந்ததா என்று ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் பின்தொடர்கிறது. "கீழ் வரம்பு சோதிக்கப்படவில்லை" என்பது அதன் எச்சரிக்கைகளில் ஒன்று. பெர்ஃப் பிழையின் சாரமே அதுதான். இன்னொன்று இன்னும் நுட்பமானது: -14 என்ற பிழை எண்ணை, பைட் அளவைத் தரும் சைஸ்ஆஃபின் அன்சைன்ட் மதிப்போடு ஒப்பிட்டால் அது பெரிய நேர்ம எண்ணாகி, தோல்வி வெற்றியாகத் தெரியும். அதையும் சொல்லிவிடும். ஃபங்ஷன்களுக்கிடையிலான தரவுத்தளத்தைக் கட்ட நேரம் பிடிக்கும், பொய் எச்சரிக்கைகளும் உண்டு. ஆனாலும் ஒரே ஒரு கருவிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

சரி, பெர்ஃப் பிழையை உண்மையில் பிடித்தது எது? டிரினிட்டி என்ற ஃபஸ்ஸர். சிஸ்டம் கால்களுக்கு (நிரல்கள் கெர்னலை அழைக்கும் வழிகளுக்கு) தாறுமாறான மதிப்புகளைக் கொடுத்துப் பார்க்கும் கருவி அது. ஃபஸ்ஸர் காட்டுவது நிஜமாகவே நடந்த கோளாறு என்பதால் அதைப் பற்றி வாதமே எழாது. ஆனால் வன்பொருள் பழுதானால் மட்டுமே ஓடும் டிரைவர் வரிகளை அது அநேகமாகத் தொடாது. காக்சினெல் பிடிக்கும் பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. ஆகவே இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

அப்புறம் திருத்துவது. எச்சரிக்கை வந்த இடத்தில் ஒரு காஸ்ட் (டைப்பை வலிந்து மாற்றும் குறி) போட்டு வாயை அடைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். பிழை அப்படியே இருக்கும், அடுத்தவர் கண்ணிலும் படாது. கீழ் வரம்புச் சோதனை சேர்ப்பது பரவாயில்லை. நல்ல திருத்தம், மாறியின் டைப்பையே மாற்றுவது. பெர்ஃப் திருத்தம் அப்படித்தான்: இன்ட் இருந்த இடத்தில் 64 பிட் அன்சைன்ட் வந்தது. அதே மதிப்பை நிகழ்வை அழிக்கும் ஃபங்ஷன் ஏற்கெனவே 64 பிட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரே மதிப்புக்கு இரண்டு இடத்தில் இரண்டு டைப் இருப்பதைக் கண்டால் அங்கேயே நின்று பார்க்க வேண்டும்.

இரண்டு மதிப்புகளில் சிறியதைத் தரும் 'மின்' (min) மேக்ரோவிலும் இதே தேர்வு வருகிறது. 2002-இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தின் கெட்பியர்நேம் உள்ளிட்ட சில சிஸ்டம் கால்களில் மைனஸ் நீளம் கொடுத்தால், இரண்டில் சிறியதாக அந்த மைனஸே தேர்வாகி, நகலெடுக்கும்போது பெரிய அன்சைன்டாக மாறி, கெர்னல் நினைவகம் வெளியே கசிந்தது. லினக்ஸின் மின் மேக்ரோ இப்படி டைப் கலப்பதைத் தடுக்கிறது. ஆனால் பல காலம் அளவுக்கு மீறிக் கறாராக இருந்ததால், பலரும் டைப்பை நாமே சொல்லும் மின்_டி (min_t) பக்கம் போனார்கள். அது சொன்ன டைப்புக்கு இரு பக்கத்தையும் வெட்டிவிடும்: 8 பிட் என்று எழுதினால் 256 பூஜ்யமாகும். 6.7 பதிப்பிலிருந்து இரு பக்கமும் சைன்ட், அல்லது இரு பக்கமும் அன்சைன்ட் என்றிருந்தால் வெறும் மின்னே ஏற்றுக்கொள்கிறது. பழைய மின்_டி வரிகள் பலவற்றை இப்போது வெறும் மின்னாக மாற்றிப் பார்க்கலாம். கம்பைல் ஆகாமல் நிற்கும் வரிகளை முதலில் படியுங்கள்.