ஸ்கீன்ஸா, ஹர்டா?

2023 கல்லூரி பேஸ்பால் உலகத் தொடர், அமெரிக்காவின் ஒமாஹா நகரம். ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணியிடம் 24-4 என்று உதை வாங்கிய எல்.எஸ்.யு.வுக்கு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) மறுநாள், ஜூன் 26, அதே அணியோடு கோப்பையைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டம். யாரைப் பந்துவீச இறக்குவது?

ஒரு பக்கம் பால் ஸ்கீன்ஸ். மணிக்கு 100 மைல் வேகம், அந்த சீசனில் 209 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது). ஆனால் ஜூன் 22 அன்றுதான் வேக் ஃபாரஸ்ட் அணிக்கு எதிராக 120 பந்து வீசியிருந்தார். வாரம் ஒருமுறை வீசிப் பழகிய கைக்கு நடுவில் மூன்றே நாள் ஓய்வு. அவரை இறக்கினாலும் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் நாலைத் தாண்டுவாரா என்பது சந்தேகம்தான். அதோடு தொழில்முறை மேஜர் லீக் பேஸ்பால் அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதலாவதாகப் போகக்கூடிய பையன். தோள்பட்டையும் முழங்கையும் விளையாட்டுச் சாமான் இல்லை.

மறுபக்கம் தாட்சர் ஹர்ட். சீசன் முழுக்க ஏற்ற இறக்கம், நம்பிக்கை வைக்கக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஆனால் கை புதிது, நீண்ட நேரம் நிற்க முடியும்.

என் ஓட்டு ஹர்டுக்கே. பயிற்சியாளர் ஜே ஜான்சனும் அதைத்தான் செய்தார். முதல் இன்னிங்ஸிலேயே ஃப்ளோரிடாவின் லாங்ஃபோர்ட் இரண்டு ரன் ஹோம்ரன் அடித்தபோது ஸ்கீன்ஸ் கட்சிக்காரர்கள் "பார்த்தீர்களா!" என்றிருப்பார்கள். சரி, அப்புறம் ஹர்ட் ஆறு இன்னிங்ஸ் வரை வேறு ரன்னே விடவில்லை. எல்.எஸ்.யு. 18-4 என்று கோப்பையைத் தூக்கியது.