பாட்டி நிரப்பிக் கொடுத்த குறிப்பேடு

தாத்தா பாட்டியிடம் கேள்வி கேட்டு, அவர்கள் கையெழுத்திலேயே பதில் வாங்கி வைத்துக்கொள்ளும் குறிப்பேடு ஒன்றை 3 மாதம் முன்பு வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். குழந்தை வளர்ப்புப் பகுதிக்காகவே இதை வாங்கலாம்.

'பிள்ளை அடம்பிடித்தால் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு அம்மா எழுதியிருந்தது: 'முதலில் நான் கீழே உட்கார்ந்துவிடுவேன். நின்றுகொண்டு பேசினால் குரல் தானாக உயர்ந்துவிடும்.' அன்று சாயங்காலமே மகன் தரையில் புரண்டு அழுதான், நான் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன், கொஞ்ச நேரத்தில் அவனே வந்து மடியில் படுத்துக்கொண்டான். உணர்ச்சியைக் கட்டுப்படுத்த உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகும். 3 வயதுப் பிள்ளையிடம் நிதானத்தை எதிர்பார்த்து நான் எத்தனை முறை கத்தியிருக்கிறேன்!

இன்னொரு பக்கத்தில், என்னை ஒருமுறை அடித்துவிட்டு மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்டதை எழுதியிருக்கிறார். எனக்கு அடி நினைவில்லை, அவர் கேட்ட மன்னிப்புதான் நினைவிருக்கிறது. அதைப் படித்து அழுதுவிட்டேன்.

சரி, குறைகள். கோடுகள் ரொம்ப நெருக்கம், வயதானவர்களுக்குச் சிரமம். பதிலுக்கு அரைப்பக்கம் போதவில்லை, அம்மா தனித்தாள் ஒட்டி ஒட்டி இப்போது தையல் விட்டுப்போகிறது. பிடித்த நிறம் என்ன என்பது போன்ற கேள்விகளைக் குறைத்திருக்கலாம்.

வாங்குபவர்கள் அப்படியே கொடுத்துவிட்டுப் போகாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கை நடுங்குபவர்களுக்கு நீங்களே எழுதிக்கொடுங்கள், அப்போதுதான் எழுதாத கதைகளும் வரும்.