தோட்டத்துச் சாளையில் ஒரு சட்டைப்பை கேமரா: சோனி ஆர்எக்ஸ்100, பல வருசப் பழக்கத்துக்குப் பிறகு

எங்கள் பக்கத்தில் படம் எடுத்து வைக்கத் தோன்றும் விசயங்கள் பெரும்பாலும் வெளிச்சம் போதாத நேரத்தில்தான் நடக்கின்றன. விடியற்காலைப் பால் கறப்பு, தறிக்குடோனில் இரவு ஷிப்ட், முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு, கல்யாணச் சடங்கு நடத்தும் அருமைக்காரர் முன்னின்று செய்யும் சீர்கள், ஊர் மைதானத்தில் வள்ளிக்கும்மிப் பயிற்சி, மார்கழியில் கோயில் வாசல். கடைக்குப் போனால் மெகாபிக்சல் எத்தனை, ஜூம் எத்தனை என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். சென்னிமலைப் பக்கம் ஓட்டு வீட்டில் குடியிருக்கிறவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: மங்கிய வெளிச்சத்தில் இது என்ன செய்யும்? அதைக் கேட்டுத்தான் நான் சோனி ஆர்எக்ஸ்100 வாங்கினேன். முதல் மாடல், பின்னால் எண் எதுவும் ஒட்டாதது. இன்றைக்கும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

2012இல் வந்த கேமரா இது. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 240 கிராம். சட்டைப் பையில் போட்டால் பை கொஞ்சம் தொங்கும், அவ்வளவுதான். உள்ளே வெளிச்சத்தைப் படமாகப் பிடிக்கும் சென்சார் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். அந்தக் காலத்துச் சாதாரண பாக்கெட் கேமராக்களில் இருந்ததைப் போல நான்கு மடங்கு பரப்பு. லென்ஸை அகலக் கோணத்தில் வைத்தால் எஃப்1.8 வரை திறக்கும்; எஃப் எண் சிறுக்கச் சிறுக்கத் திறப்பு பெரிது, வெளிச்சமும் அதிகம். இந்த இரண்டும் சேர்ந்ததால்தான், வேறு பாக்கெட் கேமராக்கள் ஃப்ளாஷைத் தட்டிவிட்டு முகத்தை வெளுக்கடிக்கும் இடத்தில், இது இருக்கிற வெளிச்சத்திலேயே படத்தை எடுத்துவிடுகிறது.

எங்கள் கட்டுத்தரையில் காங்கயம் பசு ஈன்ற கன்று ஒன்றை மாதாமாதம் எடுத்து வந்தேன். காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாக, அதாவது செந்நிறமாக இருக்கும். ஆறு மாத வாக்கில் சாம்பல் ஏறி மயிலையாக மாறத் தொடங்கும். மாடு வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சேதிதான். ஆனால் தினமும் பார்க்கிற கண்ணுக்கு அந்த மாற்றம் பிடிபடாது. படங்களை வரிசையாக வைத்தபோதுதான் தெரிந்தது: முதுகு முழுக்கச் சாம்பலாகிவிட்டது, வயிற்றோரத்தில் மட்டும் செம்மை மிச்சமிருக்கிறது, திமில் இருக்கும் இடத்தில் ரோமம் ஒரு பொடிக் கறுப்பு. அதிகாலை ஐந்தரைக்கு, ஒரே ஒரு பல்பு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அத்தனையும் தெரிந்தது.

இதில் ஒரு சங்கதி கவனிக்க வேண்டும். கட்டுத்தரை பல்பின் மஞ்சளில் கேமராவைத் தானியங்கி நிறச் சமநிலையில் (ஒயிட் பேலன்ஸ்) விட்டால் ஒரு நாள் கன்று ஆரஞ்சாக வரும், இன்னொரு நாள் பழுப்பாக வரும். நிறம் மாறுவதைக் காட்டத்தானே எடுக்கிறோம்? அதனால் மெனுவில் கஸ்டம் ஒயிட் பேலன்ஸுக்குப் போய், தோளில் கிடக்கும் வெள்ளை வேட்டியை அந்தப் பல்புக்கு அடியில் பிடித்து ஒரு முறை பதிந்துகொள்வேன். ஒரு நிமிச வேலைகூட இல்லை. அதன் பிறகு செவலை செவலையாகவே நிற்கும்.

தறிக்குடோன் அடுத்த சோதனை. குழல்விளக்கும் விலை குறைந்த எல்இடி பட்டை விளக்கும் நம் கண்ணுக்குச் சீராக எரிவதுபோலத் தெரிந்தாலும், நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கித் தெளிகின்றன. ஃபோன் சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால் வேகமான ஷட்டரில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். ஆர்எக்ஸ்100இல் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. படம் முழுவதும் ஒரே சமயத்தில் திறந்து மூடுவதால் பட்டை விழாது. ரொம்ப வேகமாக வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரலாம். நூறில் ஒரு நொடி அல்லது ஐம்பதில் ஒரு நொடி என்று நிறுத்திவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை. நூறில் ஒரு நொடியில், ஊடை நூலோடு குறுக்கே ஓடும் நாடா ஒரு கோடாகத்தான் இழுபடும். பாவு நூல் அறுந்த இடத்தில் குனிந்து முடிச்சுப் போடுகிறவரின் விரல்கள் அப்படியே கூர்மையாக நிற்கும். எனக்குப் பிடித்த படங்களில் பாதி அந்த மாதிரிதான்: ஓட்டமெல்லாம் கலங்கி, கை மட்டும் தெளிந்து.

ஜூமை நம்பி யாரும் இதை வாங்க வேண்டாம். 28 மில்லிமீட்டர் என்ற அகலக் கோணத்தில் எஃப்1.8 தரும் லென்ஸ், 100க்கு இழுத்தால் எஃப்4.9 ஆகிவிடுகிறது. கணக்குப் போட்டால் உள்ளே வரும் வெளிச்சம் ஏழில் ஒரு பங்கு. பகலில் இது ஒரு பொருட்டே இல்லை. இருட்டில் ஜூமைத் தொடாமல் நாலு எட்டு முன்னால் போய்விட வேண்டும். வீட்டு மனிதர்களை, தெரிந்த முகங்களை எடுக்கிற கேமராவுக்கு அது ஒரு குறையும் அல்ல. கிட்டப் போனால் அவர்களும் இரண்டு வார்த்தை பேசுவார்கள், படமும் நன்றாக வரும். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் தூரத்துக் குதிரையை எடுக்க வேண்டும் என்பவர்கள் வேறு கேமரா பார்த்துக்கொள்ளலாம்.

ஃப்ளாஷ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை, ஏனென்றால் இந்தச் சின்ன ஃப்ளாஷைப் பலர் மூடியே வைத்திருக்கிறார்கள். இது மேலே எழும்பி நிற்கும் வகை. ஆள்காட்டி விரலால் லேசாகப் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் கூரைக்குப் போய் அங்கிருந்து மெதுவாக இறங்கும். வெள்ளை அடித்த கான்கிரீட் வீட்டில் இது அருமையாக வேலை செய்கிறது. ஓட்டு வீட்டில் செய்யாது: கூரை உயரம், ஓடும் சட்டமும் பழுப்பு, வெளிச்சத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைப் பழுப்பாகத் திருப்பித் தரும். ஆகவே தோட்டத்து ஓட்டு வீடான சாளையில் ஃப்ளாஷ் இல்லாமலும், டவுன் வீட்டில் ஃப்ளாஷைச் சாய்த்தும் எடுப்பது என் வழக்கம். அப்புறம், உச்சி வெயில். களத்தில் எள் காயப்போடுகிறவர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தேங்காய் உரிக்கிறவர் எல்லோருக்கும் துண்டு நிழலில் கண்ணும் நெற்றியும் கறுத்துப் போகும். அப்போது ஃப்ளாஷை நேராகவே அடிக்கலாம். லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டர் என்பதால் வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷ் ஒத்துப் போகிறது. பின்னால் வானம் வெளுக்காது, முகமும் தெளியும். பெரிய கேமராக்கள் பலவற்றில் இதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது காகிதம். இந்தக் கேமராவின் படம் காகிதத்துக்குப் போகும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. படம் 5472க்கு 3648 பிக்சல், அதாவது மூன்றுக்கு இரண்டு. ஸ்டுடியோவில் போடும் 4க்கு 6 அங்குலப் படமும் அதே விகிதம். எதுவும் வெட்டுப்படாது. ஃபோன் படம் பெரும்பாலும் நாலுக்கு மூன்று. 6 அங்குல அகலத்துக்கு வைத்தால் உயரம் நாலரை வரும், அரை அங்குலத்தை எங்காவது வெட்டியாக வேண்டும். கூட்டமாக நிற்கும் குடும்பப் படத்தில் பின்வரிசைப் பெரியவர்களின் தலைப்பாகையோ, முன்னால் உட்கார்ந்த குழந்தைகளின் காலோ போய்விடும்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர் தவறியபோது சட்டம் போட்டு வைக்கப் படம் தேடினார்கள். ஃபோன்களில் அவர் படத்துக்குப் பஞ்சமில்லை. எல்லாம் வாட்ஸ்அப்பில் ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்பியவை. ஸ்டுடியோக்காரர் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் இருக்குங்களாண்ணா? இது பெருசு பண்ணினா முகம் மெழுகிட்டுப் போயிருமுங்க" என்றார். அவர் சொன்னது சரி. வாட்ஸ்அப்பில் வழக்கமாக அனுப்பும் படம் நீளவாக்கில் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 90 புள்ளிகூட மிஞ்சாது. நல்ல அச்சுக்கு 300 வேண்டும். இந்தக் கேமராவின் படம் அதே 18 அங்குலத்துக்கும் 300ஐத் தாண்டி நிற்கும். திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது நான் எடுத்திருந்த படம் கார்டிலிருந்து அப்படியே கணினிக்குப் போயிருந்தது. அதைக் கொடுத்தோம். கன்னத்துத் தழும்பு, காதில் கிடந்த கடுக்கன், வெள்ளைப் புருவத்தில் நீண்டு நின்ற இரண்டு முடி எல்லாம் சட்டத்துக்குள் வந்தன. அந்த வீட்டு அம்மிச்சி கண்ணாடி மேல் விரலை வைத்து, "தழும்பு அப்படியே இருக்குது கண்ணு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் முன்னால் அந்த வருசத்துப் படங்களில் நல்லதாகப் பொறுக்கி அச்சுப் போட்டு, அவரவர் வீட்டில் கொடுத்துவிடுகிறேன். பின்னால் பேனாவில் ஊர், மாதம், யார் யார் என்று எழுதித்தான் தருவேன்.

இனி பராமரிப்பு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று எங்களுக்குத் தென்னையை ஆட்டுவதோடு விடாது. மண்ணையும் கொண்டுவந்து கொட்டும். நீண்டு சுருங்கும் லென்ஸ் உள்ள எந்தக் கேமராவும் ஒவ்வொரு தடவை நீளும்போதும் காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு தூசியும் தறிப்பஞ்சும் போகும். உள்ளே போன துகள் எஃப்1.8இல் தெரியாது; எஃப்8, எஃப்11 என்று குறுக்கினால் வானத்தில் சாம்பல் புள்ளியாகத் தெரியும். என் கேமராவில் அப்படி ஒன்று வந்தது. லென்ஸ் கழற்ற முடியாத கேமரா என்பதால் நாமாகத் துடைக்க வழியில்லை. கோவையில் ஒரு கடையில் பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். இப்போது குடோனுக்குள் போகும்போது ஜிப் வைத்த உறையில் வைத்து, எடுக்கும் நேரத்துக்கு மட்டும் வெளியே எடுப்பது. காற்று அடிக்கும்போது திறப்பதில்லை. லென்ஸ் மேல் தூசி இருந்தால் ரப்பர் ஊதியால் ஊதிவிட்டு, அதற்கப்புறம்தான் மென்துணி. துண்டு முனையால் துடைக்கவே கூடாது, அதில் இருக்கும் மண் கோடு போட்டுவிடும். மஞ்சள் வேகவைக்கும் இடத்திலும் இதே எச்சரிக்கை. கொப்பரை ஆவிக்குள் லென்ஸை நீட்டினால் பனி படிந்துவிடும். காற்று வரும் பக்கமாக நின்று எடுக்க வேண்டும்.

உடம்பு வழவழவென்று இருக்கும். பிடிப்புக்கு மேடு எதுவும் இல்லை. வேர்த்த கையில் நழுவும் என்பதால் வலப்பக்கம் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி ஒட்டியிருக்கிறேன். மணிக்கட்டுக் கயிறாக இருப்பது கறுப்பு அரைஞாண் கயிறு. மூலக் கயிறைவிட உறுதி. பார்த்து எடுக்கக் கண்துளை கிடையாது, பின்திரைதான். வெயிலுக்கென்று வெளிச்சத்தைக் கூட்டும் அமைப்பு இருந்தாலும் சித்திரை மத்தியானத்தில் திரையை நிழல் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். சார்ஜ் பழைய ஃபோன்களைப் போல மைக்ரோ யுஎஸ்பியில் ஏறும். முழு சார்ஜுக்கு 330 படம் என்பது அறிவிக்கப்பட்ட கணக்கு, ஒரு விசேச நாளுக்குத் தாராளம். வைஃபை இல்லை. சொந்தக்காரர்கள் "இப்பவே அனுப்புங்க" என்பார்கள். ஃபோனில் செருகும் சின்ன கார்டு ரீடர் ஒன்றைப் பையிலேயே போட்டு வைத்தால் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

ஃபோன் ஜெயிக்கிற இடங்களும் உண்டு. வாசல்படியில் பின்னால் வெயில் கொளுத்த, உள்ளே நிற்பவர் முகம் இருண்டிருக்கும் படத்தில், பல பிரதிகளைச் சேர்த்துச் சமன் செய்யும் ஃபோன் நன்றாகவே தருகிறது. அசையாத கோபுரத்தை இரவில் எடுக்கவும் ஃபோன் போதும். ஆனால் அதே இரவு முறையில் கும்மி அடிக்கிற பெண்களை எடுத்தால், சேர்க்கும் பிரதிகளுக்கிடையே கைகள் நகர்ந்துவிடுவதால் விரல்கள் கரைந்து போகும். கொட்டும் கைதானே கும்மி. அங்கே எஃப்1.8ஐயும் நூறில் ஒரு நொடியையும்தான் நம்புவேன்.

ஜப்பான் கேமரா உற்பத்தியாளர் சங்கக் கணக்கில் லென்ஸ் பொருத்திய கேமராக்கள் 2010இல் 10 கோடிக்கு மேல் அனுப்பப்பட்டன. 2023இல் 20 லட்சத்தைக்கூட எட்டவில்லை. அதனால் இப்போது வாங்க நினைப்பவர்களில் பலர் பழையதைத்தான் பார்ப்பார்கள். வாங்கும்போது லென்ஸ் நீண்டு சுருங்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள், கரகரவென்று இழுத்தால் வேண்டாம். எஃப்11இல் வெற்று வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் புள்ளி பாருங்கள். ஃப்ளாஷ் ஒழுங்காக எழும்பி அமர்கிறதா என்று நாலைந்து தடவை பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் புதிது போட்டுக்கொள்ளுங்கள். இதே வரிசையில் 2014இல் வந்த மூன்றாவது மாடலுக்கு லென்ஸ் இழுத்த பிறகும் எஃப்2.8 வரை நிற்கிறது, கண்துளையும் உண்டு. விலை கட்டுப்படியானால், இருட்டு வீட்டுக்காரர்கள் முதல் மாடலைவிட அதைத் தேடுவதே நல்லது. 2019இல் வந்த ஏழாவது மாடல் 200 மில்லிமீட்டர் வரை இழுக்கும், ஆனால் அகலத்திலேயே எஃப்2.8தான், கட்டுத்தரைக்கு அது ஒத்துவராது. பேட்டரி எல்லா மாடலுக்கும் ஒன்றே, என்பி-பிஎக்ஸ்1.