பயிற்சி நிலையமா, சொந்தத் தயாரிப்பா? முதல் மென்பொருள் வேலைக்கு எந்த வழி

கல்லூரி முடிந்துவிட்டது, கேம்பஸில் எதுவும் அமையவில்லை, ஆனால் மென்பொருள் துறையில்தான் வேலை வேண்டும். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு வழக்கமாக இரண்டு வழிகளைச் சொல்வார்கள். வேளச்சேரியிலோ கோவை காந்திபுரத்திலோ உள்ள ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டி, பிளேஸ்மென்ட் உதவியோடு ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் (வலைத்தளத்தின் முன்திரை, பின்னணி நிரல் இரண்டையும் எழுதக் கற்றுத்தருவது) சேர்வது ஒன்று. வீட்டிலிருந்தே தானாகப் படித்து, தானாக ஒரு புராஜெக்ட் செய்து, தானாக விண்ணப்பிப்பது இன்னொன்று.

நான் தென்காசிப் பக்கம் இ.சி.இ. (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) படித்தவன். இரண்டையும் விசாரித்துப் பார்த்துவிட்டு இரண்டாவது வழியில் போனேன். இப்போது என் அலுவலகத்தில் ஃப்ரெஷர்களை நேர்காணல் செய்யும் குழுவிலும் உட்காருகிறேன். என் சாய்வு சொந்தத் தயாரிப்பின் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிப்பவர்கள் அதற்கேற்ப எடைபோட்டுக்கொள்ளலாம்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான் விசாரித்தபோது முப்பதாயிரத்துக்குக் குறைந்து யாரும் பேசவில்லை, வெளியூர்க்காரருக்கு ஹாஸ்டல் வாடகையும் சாப்பாடும் தனி. சொந்தத் தயாரிப்புக்கு ஒரு லேப்டாப்பும் இணைய இணைப்பும் போதும். பாடங்களுக்குக் குறைவே இல்லை. என்.பி.டெல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம், தமிழிலேயே ஜாவாவும் பைத்தானும் சொல்லித்தரும் யூடியூப் சேனல்கள் நிறைய இருக்கின்றன. ஒழுங்கு என்று வந்தால் பயிற்சி நிலையம் ஜெயிக்கும். காலை பத்து மணிக்கு வகுப்பு இருந்தால் போய்த்தான் ஆக வேண்டும். வீட்டில் படிக்கும்போது விருந்தாளி வருவார், கரண்ட் போகும், ‘சும்மாதானே இருக்க’ என்று ரேஷன் கடைக்கு அனுப்புவார்கள். தினம் நான்கு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார முடியாத வீடு என்றால், என் சாய்வை மீறி, பயிற்சி நிலையத்தின் பக்கம் ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், பெரிய நிறுவனங்களின் முதல் வடிகட்டல். பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு கேட்பார்கள், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பார்கள், அதன்பின் கணக்கு, தர்க்கம் சோதிக்கும் ஆப்டிடியூட் தேர்வு. இதில் இரண்டு வழிக்கும் வித்தியாசம் கிடையாது. மதிப்பெண்ணை யாரும் மாற்ற முடியாது, ஆப்டிடியூடுக்குப் பழைய வினாக்களைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி.

வித்தியாசம் ரெஸ்யூமேயில் தொடங்குகிறது. பயிற்சி நிலையத்திலிருந்து வரும் ரெஸ்யூமேக்களைச் சீக்கிரமே அடையாளம் கண்டுவிடலாம். ஒரே வார்ப்பு, ஒரே குறிக்கோள் வாசகம், ஒரே திறன் பட்டியல், கடைசியில் ஒரே உறுதிமொழி. புராஜெக்ட் என்ற தலைப்பின் கீழ் ஒரு ஷாப்பிங் தளம், இல்லையென்றால் உணவு ஆர்டர் செய்யும் செயலி. ஒரு பேட்ச் முழுக்க அதே புராஜெக்ட்டை எழுதியிருக்கும். படிப்பவர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார், நின்று பார்க்க அங்கே எதுவும் இல்லை.

சொந்தமாகச் செய்தவரின் ரெஸ்யூமே பெரும்பாலும் அழகில் குறைந்தே இருக்கும். என்னுடையதும் அப்படித்தான். ஒரே பக்கம், ஒரே பத்தி வரிசை, வண்ணம் கிடையாது. இரண்டு பத்தியாகப் பிரித்து ஐகான்களும் நட்சத்திரங்களும் போட்ட டெம்ப்ளேட்டுகளை நிறுவனங்களின் மென்பொருள் சில நேரம் தாறுமாறாகப் படித்துவிடும் என்பதால் சாதா வடிவமே பாதுகாப்பு. ஆனால் என் புராஜெக்ட் வரியை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் மாமா கணக்கு எழுதுகிறார். காலை, மாலை இரண்டு வேளையும் ஒவ்வொருவரும் ஊற்றுகிற லிட்டர், கொழுப்பு அளவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) அளவு, அதை வைத்து விலை, வாரம் ஒருமுறை பட்டுவாடா, தீவனத்துக்கு வாங்கிய முன்பணத்தில் பிடித்தம். இவ்வளவும் நோட்டில் நடந்துகொண்டிருந்தது. அதை ஒரு சின்ன வலைச் செயலியாகச் செய்தேன். பார்ப்பதற்குப் பிரமாதமாக ஒன்றும் இருக்காது. நேர்காணலுக்கு என்னைக் கூப்பிட்ட இடங்களில் பெரும்பாலும் முதல் பேச்சே அதைப் பற்றித்தான்.

இரண்டு வழிகளில் எது என்பதை என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கும் விஷயம் ஒன்றே ஒன்றுதான், அடுத்த கேள்வி. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நேர்காணலில் முதல் கேள்வி யாரையும் வீழ்த்துவதில்லை. ‘உங்கள் புராஜெக்ட்டைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள், பயிற்சி நிலையத்தில் அதை மனப்பாடமாகவே பழக்கியிருப்பார்கள். அந்தப் பதிலிலிருந்து அடுத்த கேள்வி பிறக்கிறது. ஷாப்பிங் தளம் செய்ததாகச் சொல்பவரிடம் நான் கேட்பது இது: “கடைசி ஒரு சட்டை மிச்சம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதைக் கூடையில் போட்டுவிட்டுப் பணம் கட்டப் போகிறார்கள். உங்கள் தளத்தில் என்ன நடக்கும்?” இதற்குக் கடினமான பதில் எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. ‘இரண்டு பேருக்கும் விற்றுவிடும் சார், நான் அதைத் தடுக்கவில்லை, தடுக்க வேண்டுமானால் பணம் எடுக்கும் இடத்தில் இருப்பை மறுபடி சரிபார்த்துப் பூட்ட வேண்டும்’ என்றால்கூட எனக்கு மகிழ்ச்சி. பெரும்பாலும் வருவது மௌனம். அந்தப் பிள்ளைகள் அறிவில் குறைந்தவர்கள் இல்லை. அந்தத் தளத்தில் யாரும் எதையும் வாங்கியதில்லை, அவ்வளவுதான். ஆசிரியர் திரையில் அடித்தார், இவர்கள் பார்த்து அடித்தார்கள். சட்டை தீர்ந்துபோகிற நிலைமையே அங்கே வரவில்லை.

பால் கணக்கில் இதற்கு நேர்மாறாக நடந்தது. ஓர் உறுப்பினர், ஒரு தேதி, ஒரு வேளை, மூன்றும் சேர்ந்தால் ஒரு பதிவுதான் வரும் என்று நினைத்துத் தரவுத்தளத்தில் டேபிளை (அட்டவணையை) அமைத்திருந்தேன். மாமா பார்த்துவிட்டு, “அப்படி இல்லப்பா, அப்பா முதல்ல ஒரு கேனைக் கொண்டு வருவாரு, மகன் பின்னால இன்னொரு மாட்டுப் பாலைக் கொண்டு வருவான், ரெண்டும் ஒரே நம்பர்லதான்” என்றார். டேபிளை மாற்ற வேண்டியதாயிற்று. பிறகு விலை மாறியது. புது விலையை ஏற்றியதும் பழைய வாரக் கணக்கைத் திறந்தால் அதுவும் புது விலையில் நின்றது. அப்போதுதான் விலை டேபிளில் ‘எந்தத் தேதியிலிருந்து’ என்ற ஒரு காலம் (column) வேண்டும் என்பது உறைத்தது. அப்புறம் பைசா. நிரல் மொழிகள் பலவற்றில் 0.1-ஐயும் 0.2-ஐயும் சாதாரணமாகக் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பட்டுவாடாவில் ஒரு பைசா இடித்தாலும் மாமா விடமாட்டார். தொகை எல்லாவற்றையும் முழு எண்ணாகப் பைசாவில் வைத்துக் கடைசியில் ரூபாயாகக் காட்டினேன்.

நேர்காணலில் என்னிடம் கேட்டவையும் இவைதான். பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டுவது) ஏன் இப்படி? விலை மாறினால் பழைய பதிவு என்ன ஆகும்? பணத்தை ஏன் தசமமாக வைக்கவில்லை? ஒன்றுக்கும் நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, நடந்ததைச் சொன்னேன். உபயோகிக்க ஒரு ஆள் இருக்கிற புராஜெக்ட்டில், நேர்காணல் செய்பவர் கேட்கப்போகும் கேள்விகளை அந்த ஆள் முன்கூட்டியே கேட்டுவிடுகிறார். இதைப் பணம் கொடுத்து எந்த நிலையத்திலும் வாங்க முடியாது.

இப்போது இது இன்னும் முக்கியமாகிவிட்டது. சாட்ஜிபிடி போன்ற கருவிகளிடம் கேட்டால் ஒரு மாலைப்பொழுதில் முழுத் தளத்தையே எழுதித் தந்துவிடும். அதனால் ‘செய்திருக்கிறேன்’ என்பதற்கு மதிப்புக் குறைந்து, ‘மாற்றிக் காட்டுங்கள்’ என்பது கூடியிருக்கிறது. திரையைப் பகிரச் சொல்லி, இந்தப் பட்டியலில் ஒரு வடிகட்டியைச் சேருங்கள், இந்தக் கணக்கில் ஒரு தள்ளுபடியை நுழையுங்கள் என்று நாங்கள் கேட்கிறோம். ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தில் டாக்ஸி முன்பதிவு, ரயில் டிக்கெட் போன்ற ஒரு சிறு செயலியை அங்கேயே உட்கார்ந்து எழுதச் சொல்லும் சுற்று இருப்பது தமிழ்நாட்டில் வேலை தேடும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தச் சுற்றில் மனப்பாடம் உதவாது. எந்தத் தகவலை எங்கே வைப்பது என்று முன்பு ஒருமுறையாவது தானே முடிவெடுத்த கைதான் அங்கே ஓடும்.

இதற்குப் பராமரிப்பும் உண்டு. நாமே எழுதிய நிரலே ஆனாலும் சில மாதம் தொடாமல் விட்டால் யாரோ எழுதியது போல இருக்கும். ஒவ்வொரு முடிவுக்கும் ஏன் அப்படிச் செய்தேன் என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வைத்தேன். நேர்காணலுக்கு முந்தைய இரவு அந்த நோட்டைத்தான் புரட்டுவேன். ரெஸ்யூமேயில் உள்ள எல்லா வரிகளுக்கும் இது பொருந்தும். அடுத்த கேள்விக்குப் பதில் இல்லாத வரியை எடுத்துவிடுங்கள். ஏழு மொழிகளின் பெயரை எழுதி ஐந்தில் திணறுவதைவிட இரண்டை எழுதி இரண்டிலும் நிற்பது மேல்.

நேர்காணல் பழக்கத்தில் பயிற்சி நிலையங்களுக்கு உண்மையான பலம் ஒன்று உண்டு, மாதிரி நேர்காணல். தெரியாத ஒருவர் முன் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசிப் பழகுவது கிராமத்துக் கல்லூரியிலிருந்து வருகிறவருக்குப் பெரிய உதவி. தனியாகத் தயாராகும்போது அது தானாக அமையாது. நானும் இரண்டு நண்பர்களும் இரவில் போனில் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பதிவு செய்து கேட்டுப் பார்த்தோம். பதிவைக் கேட்பது சங்கடம்தான், ஆனால் எங்கே இழுக்கிறோம், எங்கே ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம் என்பது உடனே தெரிந்துவிடும். ஆங்கிலம் குறுகிய வாக்கியங்களாக இருந்தால் போதும். சுய அறிமுகத்தை ஒப்பிப்பதைவிட, புராஜெக்ட்டில் நடந்த ஒரு சிக்கலை நான்கு வாக்கியத்தில் சொல்லப் பழகியதுதான் எனக்கு அதிகம் உதவியது. கேட்பவரும் அங்கிருந்து பேச்சைத் தொடருவார், நம் களத்தில் நாம் இருப்போம்.

விண்ணப்பிப்பதில் நிலைமை கலவையானது. நிலையத்தின் பிளேஸ்மென்ட் பிரிவு நல்லதாக இருந்தால், நமக்குத் தெரியாத சிறு நிறுவனங்களுக்கு நம் பெயர் போகும். அந்த வசதி எனக்கு இல்லை. நௌக்ரி, லிங்க்டின் போன்ற வேலை தேடும் தளங்களில் பட்டனை அழுத்தி அனுப்பியவற்றில் முக்கால்வாசிக்கு மேல் பதிலே வரவில்லை. எந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று படித்து, நான்கு வரியில் மின்னஞ்சல் எழுதி, புராஜெக்ட் இணைப்பைச் சேர்த்து அனுப்பியவைதான் பலித்தன. சீனியர் ஒருவரின் பரிந்துரை கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த வேலைக்கு நேரம் பிடிக்கும், பொறுமையும் வேண்டும்.

இந்தச் சாய்வு எல்லாத் துறைக்கும் பொருந்தாது. வி.எல்.எஸ்.ஐ. (சிப்) வடிவமைப்புக்குப் போக விரும்பும் இ.சி.இ.காரருக்கு நிலையத்தில் சேர்வதே நியாயம். நிறுவனங்களில் பயன்படுத்தும் கேடன்ஸ், சினாப்சிஸ் கருவிகளின் உரிமம் தனி ஆளுக்கு எட்டாது, நிலையத்தில்தான் கைவைத்துப் பழக முடியும். என் அறைத்தோழர் அப்படித்தான் போனார், சரியாகவே அமைந்தது. மெக்கானிக்கல், சிவில் நேர்காணல்களில் நான் உட்கார்ந்ததில்லை. நண்பர்கள் போன வழியைப் பார்த்தால், அங்கே கோர்ஸைவிட மத்திய அரசின் என்.ஏ.டி.எஸ். தொழில் பழகுநர் திட்டம் உருப்படியாகத் தெரிகிறது. ஓர் ஆண்டு உதவித்தொகையோடு நிறுவனத்திலேயே பயிற்சி. தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது.

ஏற்கெனவே பணம் கட்டிச் சேர்ந்துவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். அங்கே கற்றுத்தந்த அதே ஷாப்பிங் தளத்தை எடுத்து, தெரு முனை மளிகைக்கடைக்கோ தெரிந்த தையல்காரருக்கோ ஏற்றபடி மாற்றிக் கொடுங்கள். அவர் ஒரு வாரம் உபயோகித்தால் போதும், பத்து மாற்றங்கள் சொல்வார். ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே அந்தப் பத்தையும் செய்துவிட்டால் இரண்டு வழியின் நன்மையும் கிடைத்துவிடும்.

இனிமேல் சேரப்போகிறவர்கள் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கேட்கும் இடத்தில் சேராதீர்கள், நகல் போதும். பிளேஸ்மென்ட் பற்றி வாயால் சொல்வதை ரசீதிலோ ஒப்பந்தத்திலோ எழுதித் தரச் சொல்லுங்கள். ‘இரண்டு வருட அனுபவம் போட்டுத் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணை வைத்து எங்கே, எப்போது வேலை பார்த்தோம் என்பதைப் பார்த்துவிடுகிறார்கள். அதில் சிக்கினால் வேலையில் சேர்ந்த பிறகும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.